புற்றுநோய் என்று தெரிந்த வீட்டில் முதல் மாதங்கள்: மனதின் தற்காப்பைக் கலைக்காமல் வேலைகளை முடிக்க ஒரு வழிகாட்டி

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தபோது வீட்டில் நான்கு பேரும் நான்கு விதமாக நடந்துகொண்டோம். அம்மா அதைச் சிகிச்சை முழுவதும் "கட்டி" என்றே சொன்னார். ஆஸ்பத்திரிப் பேச்சு எடுத்தாலே அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். அண்ணன் பில்லிங் கவுண்டரில் சண்டை போட்டார். நான் இரவெல்லாம் மருத்துவக் கட்டுரைகள் படித்தேன். யாரும் யாரையும் புரிந்துகொள்ளாமல், கையெழுத்து வாங்க வேண்டிய தாளை ஆளுக்கொரு பக்கம் தள்ளிவைத்தபடி நாட்கள் போயின.

எந்த ஆவணம் எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஆஸ்பத்திரியில் ஆள் உண்டு. அந்த ஆவணத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அப்போது என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆளில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து, எது முதலில் வருமோ அந்த வரிசையில் எழுதியிருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். தாங்க முடியாத செய்தி வரும்போது மனம் தானாகவே அதன் ஒரு பகுதியை வெளியே நிறுத்திவிடுகிறது. உளவியலில் இதைத் தற்காப்பு முறை என்கிறார்கள். இது நடிப்பு அல்ல, பிடிவாதமும் அல்ல. அவர் யோசித்து எடுக்கும் முடிவே அல்ல. எலும்பு முறிந்த கைக்குப் போடும் மாவுக்கட்டு மாதிரி, உள்ளே சேரும்வரை வெளியிலிருந்து தாங்குகிறது. மாவுக்கட்டை முதல் வாரமே உடைத்தாலும் தப்பு, வருடக்கணக்கில் விட்டுவைத்தாலும் தப்பு. மாரடைப்பு வந்தவர்களை வைத்து 1987 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. "எனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை" என்று மறுத்தவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்த நாட்களே இருந்தார்கள். ஆனால் வீடு திரும்பிய அடுத்த ஒரு வருடத்தில் அவர்கள்தான் மருத்துவர் சொன்னதைச் சரியாகப் பின்பற்றவில்லை, மறுபடி ஆஸ்பத்திரியில் அதிக நாள் படுத்தார்கள். கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: எந்தத் தற்காப்பு, எந்த நேரத்தில், எந்த வேலையைத் தடுக்கிறது?

1. முதல் வாரம்: மறுப்பை விட்டுவிடுங்கள், பிளாக்கை வாங்குங்கள்

முதல் வாரத்தில் நோயாளி நோயை ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. செய்ய வேண்டிய வேலைகளில் முக்கால்வாசி அவர் இல்லாமலே நடக்கும். இதைப் புரிந்துகொண்டாலே வீட்டில் பாதி சண்டை குறைந்துவிடும்.

நீங்கள் மட்டும் போய் முடிக்கக்கூடியவை:

பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு சதை எடுத்துச் செய்யும் பரிசோதனை) ரிப்போர்ட்டின் மூலப்பிரதி. அதோடு, பயாப்ஸி செய்த லேபிலிருந்து, சதையின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளும், மீதிச் சதையைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கும். பெரிய மையத்துக்குப் போனால் அங்கே ரிப்போர்ட்டை மட்டும் நம்பமாட்டார்கள், ஸ்லைடைத் தாங்களே ஒருமுறை பார்ப்பார்கள். பிளாக் இருந்தால்தான் அடுத்த கட்டப் பரிசோதனைகளைச் செய்ய முடியும். மார்பகப் புற்றுநோய் என்றால் கட்டியின் செல்களில் ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 என்ற புரதம் ஆகியவற்றைப் பார்க்காமல் மருந்து முடிவாகாது. லேபில் பில் எண், நோயாளி எண் இரண்டையும் குறித்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் பிளாக்கைத் தருவார்கள். வாங்கியதும் எத்தனை ஸ்லைடு, எத்தனை பிளாக் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். அது மெழுகு. வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள்.

ஸ்கேன் படங்களின் சிடி. ஃபிலிமும் அச்சிட்ட ரிப்போர்ட்டும் மட்டும் போதாது, சிடியைக் கேட்டு வாங்குங்கள்.

வருமானச் சான்றிதழ். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். சான்றிதழ் கைக்கு வந்ததும் குடும்ப அட்டை, ஆதார் இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. அட்டை ஏற்கெனவே இருக்கிறதா, யார் யார் நேரில் வர வேண்டும் என்பதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு வீண் அலைச்சல் மிச்சம்.

காப்பீட்டு மையத்தில் நேரில் வரச் சொன்னால் தவிர, நோயாளி கட்டாயம் தேவைப்படுவது முக்கியமாக இரண்டு இடங்களில்: மருத்துவர் பரிசோதிக்கும்போது, சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடும்போது. மற்றதற்கெல்லாம் அவரை இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். ஆட்சியர் அலுவலக வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் "என்ன நோய்?" என்று கேட்பதற்குப் பதில் சொல்லும் நிலைமையை அந்த வாரத்தில் அவருக்குக் கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் மூன்று செட் ஜெராக்ஸ் எடுங்கள். ஒரு செட்டை வீட்டிலேயே விட்டுவைங்கள். எல்லாப் பக்கத்தையும் கைபேசியில் படம் பிடித்து, வீட்டில் இருவரிடமாவது இருக்கும்படி செய்யுங்கள்.

2. எந்த அளவு மறுப்பு என்று பாருங்கள்

ஏவரி வைஸ்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் மறுப்பை மூன்று படிகளாகப் பிரித்தார். எங்களுக்கு மிகவும் உதவியது இந்தப் பிரிவுதான்.

முதல் படி, உண்மையையே மறுப்பது. "ரிப்போர்ட் மாறிப்போச்சு, அது என்னோடது இல்ல." இரண்டாவது, உண்மையை ஏற்று அதன் விளைவை மறுப்பது. "கட்டிதானே, எடுத்துட்டா சரியாயிடும், இதுக்கு எதுக்கு ஆறு மாசம் கீமோ?" மூன்றாவது, நோயும் சிகிச்சையும் தெரிந்தே, முடிவை மட்டும் நினைக்க மறுப்பது. "அடுத்த வருஷம் காசிக்குப் போறோம், டிக்கெட் பாரு."

மூன்றாவது படியில் இருப்பவரை அப்படியே விட்டுவிடுங்கள். காசி டிக்கெட்டைப் பற்றிப் பேசுங்கள். அது அவரைத் தூங்க வைக்கிறது, சாப்பிட வைக்கிறது. சிகிச்சைக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

இரண்டாவது படியில் கொஞ்சம் வேலை இருக்கிறது. இங்கே வாதம் செய்வதற்குப் பதில் தேதியைப் பிடியுங்கள். "இது புற்றுநோய், ஒத்துக்கோ" என்று சொல்லி ஜெயிப்பதால் என்ன கிடைக்கும்? "செவ்வாய்க்கிழமை ஊசிக்குப் போகணும்" என்பது நடந்தால் போதும். அம்மா ஒருநாளும் "புற்றுநோய்" என்ற சொல்லைச் சொல்லவில்லை, ஒருநாளும் கீமோ தேதியைத் தவறவிடவும் இல்லை. பெயர் சொல்லாமலே சிகிச்சை முடியும்.

முதல் படி நீண்டால்தான் ஆபத்து. ரிப்போர்ட் மாறிப்போனது என்று ஒருவர் சொன்னால் மறுக்காதீர்கள். "சரி, இன்னொரு இடத்தில் ஸ்லைடைக் காட்டிப் பார்த்துவிடலாம்" என்று சொல்லுங்கள். அவருடைய சந்தேகத்துக்கு மரியாதை கொடுத்தது போலவும் ஆச்சு, மருத்துவ ரீதியில் தேவையான மறுபரிசோதனையும் நடந்துவிடும். ஆனால் இதற்கு ஒரு கெடு வையுங்கள். இரண்டாம் கருத்துக்கு இரண்டு வாரம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டாவது ரிப்போர்ட்டும் அதையே சொன்ன பிறகும் அவர் வர மறுத்தால், வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடமே விடுங்கள். மகன், மகள் சொல்வதைவிட வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் அந்நியர் நிதானமாகச் சொல்வது பலருக்கும் எளிதாக இறங்குகிறது.

இன்னொன்றையும் வைஸ்மன் கவனித்தார். நோயாளிக்குத் தெரிந்தும் தெரியாத ஓர் இடைநிலை உண்டு. காலையில் காசி டிக்கெட் பற்றிப் பேசியவர் இரவில் நகையை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்வார், மறுநாள் காலை மறுபடி டிக்கெட். இதில் எது உண்மை என்று தேடாதீர்கள், அவர் எந்தப் பேச்சில் இருக்கிறாரோ அந்தப் பேச்சில் நீங்களும் இருங்கள். இரவில் சொன்னதைக் காலையில் "நேத்து சொன்னியே" என்று எடுத்து வைப்பது பெரிய வலி.

3. "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்"

நம் ஊரில் இது நடக்காத வீடு குறைவு. மருத்துவரின் அறைக்குள் போவதற்கு முன்பே மகன் கதவருகில் நின்று கையெடுத்துக் கும்பிடுவார். "அம்மா தாங்கமாட்டாங்க" என்பார். நான் பார்த்தவரை, பெரும்பாலும் தாங்க முடியாமல் இருப்பவர் அந்த மகன்தான். தன் பயத்தை அம்மாவுடையதாகப் பார்ப்பதும் ஒரு தற்காப்பு. அவரைத் திட்ட வேண்டாம். ஆனால் அதன் போக்கில் விடவும் வேண்டாம். ஏனென்றால் இங்கே சட்டம் இருக்கிறது. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் ஒப்புதலை அவரிடமிருந்துதான் பெற வேண்டும், உறவினர் கொடுப்பது போதாது என்று உச்ச நீதிமன்றம் 2008 இல் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. என்ன நோய், என்ன சிகிச்சை, வேறு வழி உண்டா என்று தெரியாமல் அவர் போடும் கையெழுத்துக்கு அர்த்தமில்லை.

நடைமுறையிலும் மறைக்க முடியாது. புற்றுநோய் மருத்துவமனையின் பெயர்ப்பலகை வாசலிலேயே இருக்கிறது. ஓபி சீட்டில் துறையின் பெயர் இருக்கிறது. பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிவிடுவார். சில மருந்துகளுக்கு முதல் கீமோ முடிந்த இரண்டு, மூன்று வாரத்தில் முடி கொட்டும். அன்றைக்குத் தெரிந்துகொள்பவருக்கு நோயின் அதிர்ச்சி ஒன்று, வீடே சேர்ந்து மறைத்தது என்பது இன்னொன்று.

எங்களுக்கு வழி காட்டியது ஒரு மருத்துவர் கேட்ட கேள்வி. அம்மாவைப் பார்த்து, "ரிப்போர்ட் விவரம் எல்லாம் உங்ககிட்ட சொல்லட்டுமா, இல்ல பிள்ளைங்ககிட்ட சொன்னா போதுமாம்மா?" என்று கேட்டார். "என்ன பண்ணணுமோ அதை என்கிட்ட சொல்லுங்க, மத்ததை அதுங்ககிட்ட சொல்லுங்க" என்றார் அம்மா. எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். ஒப்புதலுக்குத் தேவையான அளவு அவருக்குத் தெரிந்தது, அதற்கு மேல் தெரியாமல் இருக்கும் உரிமையும் அவருக்குக் கிடைத்தது. இந்தக் கேள்வியை உங்கள் மருத்துவர் கேட்கவில்லை என்றால் நீங்களே அவரிடம், "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அம்மாகிட்டயே கேட்டுடுங்க டாக்டர்" என்று சொல்லுங்கள். பதிலைக் கேஸ் ஷீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். வார்டில் மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், எழுத்தில் இருந்தால்தான் அடுத்தவருக்குத் தெரியும்.

4. நோயின் கதையைச் சொல்ல ஒருவரை நியமியுங்கள்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், பணத்தில் பெரிதாக அடிக்கும். "எத்தனை நாளா இருக்கு?" என்று முதல் நாளில் கேட்பார்கள். பயத்தில் ஒருவர் "போன வாரம்தான் பார்த்தேன்" என்பார். அதே ஆள் அடுத்த அறையில் "ரெண்டு வருஷமா லேசா இருந்துச்சு" என்பார். மனம் ஒரு நாளை இப்படியும் அப்படியும் இழுப்பது சகஜம். ஆனால் இரண்டும் கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால், தனியார் காப்பீட்டு நிறுவனம் அந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் கடிதம் எழுதும்.

வீட்டில் உட்கார்ந்து, பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்து, எப்போது முதலில் தெரிந்தது, எப்போது முதல் மருத்துவரைப் பார்த்தது என்று உண்மையான தேதிகளோடு ஒரு தாளில் எழுதுங்கள். ஒருவர் மட்டும் அதைப் பார்த்துச் சொல்லுங்கள். எதையும் மாற்றிச் சொல்ல வேண்டாம், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வந்ததும் கவுண்டரை விட்டு நகரும் முன் அந்தத் தேதிகளைச் சரிபாருங்கள். அன்றைக்கே திருத்துவது எளிது.

பணம் தொடர்பான மற்றவை சுருக்கமாக. பாலிசியில் பணமில்லாச் சிகிச்சைக்கு (நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவது) முன் அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 இல் வந்த விதி. பணம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பதாக இருந்தால் எத்தனை நாளுக்குள் என்பது பாலிசித் தாளில் இருக்கும், அதை முதலிலேயே காலண்டரில் எழுதுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுதும் தள்ளுபடி, கூட வருபவருக்கு 75 சதவீதம். சிகிச்சை தரும் மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்குச் சிகிச்சைச் செலவுக்காக (1961 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80டிடிபி பிரிவு) 40,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்களின் சிகிச்சை என்றால் 1 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. அதற்குச் சிறப்பு மருத்துவரின் சீட்டு வேண்டும்.

5. கோபம் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள்

நோயின் மேல் கோபப்பட முடியாது. கடவுள் மேல் கோபப்படப் பயம். மருத்துவர் மேல் கோபப்பட்டால் அம்மாவை யார் பார்ப்பார்கள்? அதனால் கோபம், திருப்பித் தாக்காத ஆளாகப் பார்த்து விழும். ரசத்தில் உப்பு கூடிய மருமகள், ஊசி போடும் சிஸ்டர், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பேரப்பிள்ளை, கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பையன்.

இதற்கு மூன்று வேலைகள் உண்டு. ஒன்று, அதிகமாகக் கொதிப்பவரைக் கவுண்டர் வேலையிலிருந்து மாற்றுங்கள். அவருக்கு வண்டி ஓட்டுவது, ரத்தம் கொடுக்க ஆள் சேர்ப்பது, மருந்துக்கடை என்று உடம்பால் செய்யும் வேலையைக் கொடுங்கள். அண்ணனை அப்படி மாற்றிய பிறகு அவரும் தேறினார், பில்லிலும் தப்புக் குறைந்தது. இரண்டு, அடி வாங்குபவரிடம் தனியாகச் சொல்லுங்கள். "அண்ணி, அம்மா உங்க மேல கோவப்படல, நோய் மேல கோவப்படறாங்க" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வது மருமகளுக்குப் பெரிய ஆறுதல். அதோடு, அவருக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வும் கொடுங்கள், வெறும் வார்த்தை போதாது.

மூன்றாவது, எல்லாவற்றையும் மனதின் மேல் போடாதீர்கள். இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான எச்சரிக்கை. கீமோவோடு வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். அது தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும், சிலரை இரவெல்லாம் பேச வைக்கும். கோபம் கீமோ நாளை ஒட்டி வந்து சில நாட்களில் அடங்குகிறதா என்று குறித்துப் பாருங்கள். அப்படியானால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையைக் காலையில் கொடுக்கச் சொல்வார், அல்லது அளவை மாற்றுவார். அதேபோல், நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று நாள், இடம் குழம்பினால், ஆளைத் தெரியாமல் பேசினால் அது "மறுப்பு" கிடையாது. தொற்று, ரத்தத்தில் உப்புகளின் மாற்றம், மூளைக்குப் பரவியது என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மறுப்பு உயிரைப் பறிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: காய்ச்சல். கீமோ போட்ட பிறகு, குறிப்பாக ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள், வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே அவசரம். "சாதாக் காய்ச்சல்தான், காலையில பாத்துக்கலாம், எல்லாரையும் எழுப்பாதே" என்று அவர் சொல்வார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். தெர்மாமீட்டர் நூறு, இருநூறு ரூபாய்தான். ஒன்று வாங்கி, எண் எத்தனை வந்தால் கிளம்ப வேண்டும் என்பதை ஆரோக்கியமாக இருக்கும்போதே அவரோடு பேசி முடிவு செய்து, ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். அப்புறம் இரவில் வாக்குவாதம் வராது, எண்தான் பேசும். பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பதும் வேண்டாம்.

6. படிக்கிறவரும் மாற்று வழி தேடுகிறவரும்

செய்தியைத் தகவலாக மாற்றிவிட்டால் அதன் சூடு குறைகிறது. அதனால்தான் ஒருவர் இரவெல்லாம் படிக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி அதிகாலையில் புதிய மருந்தின் பெயரை அனுப்புகிறார். இதைத் தடுக்க வேண்டாம், வரம்பு கட்டுங்கள். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் ஐந்து கேள்விகள், ஒரே தாளில். நோய் என்ன நிலை (ஸ்டேஜ்)? சிகிச்சையின் நோக்கம் குணமா, கட்டுப்பாடா? எத்தனை சுற்று, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை? மொத்தச் செலவு எவ்வளவு, காப்பீட்டில் எது வராது? எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்? இவைதான் முதல் நாளுக்குப் போதும். கீமோ பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ரேடியேஷன் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சில வாரங்கள். இந்த அட்டவணை கையில் வந்துவிட்டால் படிப்பவரின் பதற்றமும் குறையும்.

நியாயம் கண்டுபிடிப்பது இன்னொரு வகை. "கத்தி வச்சா பரவிடும்", "ஊசி போட்டுச் சதை எடுத்ததாலதான் பெருசாச்சு" என்ற பேச்சுகளுக்குப் பின்னால் அறுவைச் சிகிச்சை பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு மரியாதையான ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பயத்தைப் பற்றிக் கேளுங்கள்: "ஆபரேஷன்ல எது பயமா இருக்கு?" மயக்க மருந்தா, மார்பை எடுப்பதா, பணமா? எங்கள் வீட்டில் பணம்தான். "மூணு மாசம் மூலிகை சாப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் வரோம்" என்பதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். அந்த மூன்று மாதத்தில் நோயின் நிலை மாறலாம், நிலை மாறினால் செலவும் சிகிச்சையும் எல்லாமே மாறும். வேறு மருந்து எதையாவது கூடச் சாப்பிட்டால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

7. வங்கி, நாமினி, உயில்

இதைக் கேட்க எல்லோருக்கும் நாக்கு வராது. நோயாளியிடம் போய் நாமினி படிவத்தை நீட்டினால், அவர் காதில் விழுவது வேறு. வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, அண்ணன், நீங்கள் என எல்லோருடைய கணக்கு, வைப்புத்தொகை, காப்பீடு, பிராவிடண்ட் ஃபண்ட் எல்லாவற்றிலும் நாமினி இருக்கிறதா என்று ஒரே பட்டியலாகப் பாருங்கள். அம்மாவின் பெயர் அதில் ஒன்று, அவ்வளவுதான்.

உயிலைப் பற்றி அவராகப் பேச்செடுத்தால், "அதெல்லாம் எதுக்கு இப்ப, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று வாயை அடைக்காதீர்கள். வரப்போவதை முன்கூட்டி நினைத்து ஏற்பாடு செய்வது மனதின் முதிர்ந்த தற்காப்புகளில் ஒன்று, அவருக்குப் பாரம் இறங்கும். உயிலைச் சாதாரணத் தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறுபவர் சாட்சியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்செடுக்கவில்லை என்றால் சிகிச்சை நடுவில் நீங்களாக எடுக்க வேண்டாம். இரண்டு சுற்று கீமோவுக்கு நடுவே உடம்பு தேறியிருக்கும் வாரத்தில் ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

8. உதவுகிற தற்காப்புகளுக்கு இடம் கொடுங்கள்

சில தற்காப்புகளைக் கண்டுபிடித்தால் தண்ணீர் ஊற்றி வளர்க்கலாம். அப்பா தோட்டத்துக்குப் போவதை முதலில் ஓட்டம் என்று நினைத்தோம். பிறகு பார்த்தால், கீமோ நாட்களில் மட்டும் பாத்தி கட்டுகிறார், கீரை விதைக்கிறார், அந்தக் கீரைதான் அடுத்த மாதம் அம்மாவின் தட்டில். தாங்க முடியாததைக் கைவேலையாக மாற்றிக்கொண்டிருந்தார். அப்படி ஒருவர் இருந்தால் "கூட வந்து உக்காருங்க" என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

வார்டில் புதிதாக வருகிறவர்களுக்கு எந்தக் கவுண்டர், எங்கே சாப்பாடு என்று அம்மா வழிகாட்ட ஆரம்பித்தார். மொட்டைத் தலையைப் பற்றி, "பழனிக்குப் போகாமலே முடிச்சாச்சு" என்று பக்கத்துப் படுக்கையில் இருந்தவரோடு சேர்ந்து சிரித்தார். பிறருக்கு உதவுவதும் சிரிப்பும் வலியை மறைக்காமலே தாங்க வைக்கும். "இதைப் பத்தி வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்ததும் நினைச்சுக்கலாம், இப்ப சீரியல் பாக்கலாம்" என்று தெரிந்தே ஒத்திவைப்பதும் அப்படித்தான். மறுப்பிலிருந்து இதற்கு வித்தியாசம், வெள்ளிக்கிழமை வந்ததும் அவர் நினைப்பார்.

ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள்: "பாசிட்டிவா இரு, தைரியமா இருந்தாதான் குணமாகும்." மார்பகப் புற்றுநோயாளிகளை வைத்து 1999 இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், போராட்ட குணம் உயிர்வாழும் காலத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. நம்பிக்கை முற்றிலும் இழந்த நிலையும் கடுமையான மனச்சோர்வும்தான் பாதகமாகத் தெரிந்தன. ஆகவே அழுகிறவரை அழவிடுங்கள். அழுததால்தான் நோய் கூடியது என்ற குற்ற உணர்வை யாரும் அவர் தலையில் ஏற்றக்கூடாது. மனச்சோர்வு வந்தால் மட்டும் விடாதீர்கள், அது அடுத்தது.

9. எப்போது மனநல உதவி, எங்கே, எவ்வளவு

"பூஜ்யத்திலிருந்து பத்து வரை, இந்த வாரம் மனக் கஷ்டம் எவ்வளவு?" என்று கேளுங்கள். புற்றுநோய்ப் பிரிவுகளில் பயன்படுத்தும் அளவுகோல் இது. நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் உதவி தேட வேண்டும். இரண்டு வாரமாகத் தொடர்ந்து தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, யாரோடும் பேச்சில்லை என்றாலும் அப்படியே. "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நல்லது" என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே.

14416 என்ற டெலி மானஸ் (மத்திய அரசின் மனநல உதவி) எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் உண்டு. சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கான ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுக்குக் கட்டணம் இல்லை, காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும். தனியாரில் ஓர் ஆலோசனை அமர்வு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை, கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், பெரும்பாலும் ஆயிரம் ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும், ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் வரும், ஆலோசனைக் கட்டணம் கையிலிருந்துதான்.

போகும்போது இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துப் போங்கள். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், குறிப்பாகப் பராக்ஸிடினும் ஃப்ளுவாக்ஸிடினும், உடல் டமாக்ஸிஃபெனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும். சொன்னால் வேறு மாத்திரை எழுதுவார். பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும், இடையில் நிறுத்தக் கூடாது.

10. சிகிச்சை முடிந்த பிறகு

கடைசி ரேடியேஷன் முடிந்த நாளில் வீடே நிம்மதியாக மூச்சு விடும். நோயாளி அன்றிலிருந்துதான் அழத் தொடங்குவார். தினமும் போக ஓர் இடம், பார்க்க ஒரு சிஸ்டர், முடிக்க ஒரு சுற்று என்று இருந்தவரை மனம் தள்ளிவைத்ததெல்லாம் இப்போது வந்து உட்காரும். இதை முன்கூட்டியே எதிர்பாருங்கள். லீவை எல்லாம் சிகிச்சையிலேயே தீர்த்துவிடாமல் அதற்குப் பிறகான மாதத்துக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபரிசோதனை தொடக்கத்தில் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருக்கும். அதற்கு முந்தைய வாரத்தில் எல்லோருக்கும் மறுபடி பழைய தடுப்புகள் எழும்: அம்மா வேறு பேச்சு பேசுவார், அண்ணன் கத்துவார், நீங்கள் படிப்பீர்கள். அந்த வாரத்தில் வீட்டில் வேறு பெரிய முடிவு எதையும் வைக்காதீர்கள், ஸ்கேன் முன்பதிவை ஒரு மாதம் முன்னதாகவே செய்துவிடுங்கள், பழைய ஸ்கேன் சிடியை எடுத்துப் பையில் போட்டுவையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைத்தான் முதலில் கேட்பார்கள்.